யார் சமைத்தது?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. பெங்களூரில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஃபோனில் ஒரு நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புள்ளி, திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குப் போகும் செந்தூர் எக்ஸ்பிரஸ். அதில் ஏசி பெட்டியில் அம்மா இருந்தாள். திருச்செந்தூரில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு சென்னையில் அக்கா வீட்டுக்குப் போகிறாள்.

அன்று அம்மா தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கட்டுச்சோறு இல்லாமல் ரயில் ஏறியிருந்தாள். காரணம் நான். “இப்பல்லாம் சீட்டுக்கே சாப்பாடு வரும்மா, நீ ஒண்ணும் தூக்கிட்டு அலையாத” என்று சொல்லி, ஒரு செயலி வழியாகத் திருநெல்வேலி ஜங்ஷனில் கொண்டுவந்து தரும்படி ஒரு செட் இட்லி சொல்லியிருந்தேன். பெட்டி எண், இருக்கை எண், வந்துசேரும் நேரம் எல்லாம் அதுவாகவே எடுத்துக்கொண்டது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இதையெல்லாம் பார்த்தால் எனக்கு ஒரு சின்ன கர்வம் வரும்.

ஒன்பது மணிக்குப் பிறகு புள்ளி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அப்புறம் நகரவே இல்லை.

அந்த இரண்டு நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போயிருந்தன. ஏறக்குறைய 800 பேர் அந்தச் சின்ன ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊரான ஆழ்வார்திருநகரி அதற்கு முந்தின ஸ்டேஷன். அம்மா சொந்த ஊரைத் தாண்டி ஒரே ஒரு ஸ்டேஷன் போய், வீட்டுக்கும் திரும்ப முடியாமல், சென்னைக்கும் போக முடியாமல் நின்றுவிட்டாள். தாமிரபரணி இரண்டையும் அடைத்துவிட்டது.

என் ஃபோனில் அந்த இட்லி மட்டும் ராத்திரி பூராவும் ‘தயாராகிக்கொண்டிருக்கிறது’ என்றே காட்டிக்கொண்டிருந்தது.

அம்மா பத்திரமாக வந்து சேர்ந்த பிறகு, ஏனோ இந்த ‘சீட்டுக்கே சாப்பாடு’ என்கிற விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டது. ரயிலில் ஒருவன் இருந்த இடத்திலேயே இருக்க, இன்னொருவன் கொண்டுவந்து கொடுப்பது எங்கள் பக்கத்தில் எப்போது ஆரம்பித்தது? யாருக்குக் கொடுத்தார்கள்? யார் கொடுத்தார்கள்? வாரக் கடைசிகளில் தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

எங்கள் பக்கத்து ரயிலின் கதை தூத்துக்குடிக் கடலிலிருந்து ஆரம்பிக்கிறது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடியவர், கொழும்பிலிருந்து கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கினார். அவருக்காகவே அவசரமாக முடித்து வைத்திருந்த புதுப் பாதையில் மதுரை, திருச்சி என்று ரயிலில் போனார். பொதுமக்களுக்கு அந்தப் பாதை 1876இல் திறந்தது. ஆக, இந்தப் பாதையில் போன முதல் பெரிய பயணியே முதல் வகுப்புக்கும் மேலானவர்!

அதன் பிறகு ஏறக்குறைய நாற்பது வருடம் இந்தியாவிலிருந்து இலங்கைக்குப் போகும் முக்கிய வாசல்களில் ஒன்றாகத் தூத்துக்குடி இருந்தது. மதராஸில் ஏறினால் தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், மதுரை, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடி. அங்கே கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நிற்கும். சின்னப் படகில் போய்க் கப்பல் ஏறினால் விடிந்ததும் கொழும்பு. இந்த ரயிலுக்கு ‘போட் மெயில்’ என்று பெயர். இப்போது போட் மெயில் என்றால் எல்லோருக்கும் ராமேஸ்வரம்தான் ஞாபகம் வரும். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குப் போகத் தொடங்கியபோதுதான் அந்தப் பெயர் அங்கே போனது. அதுவரை போட் மெயில் எங்கள் ஊர்ப் பக்கத்து ரயில்.

ஏறக்குறைய ஒரு முழு நாள் பயணம். அதில் யார் போவார்கள்? முதல் வகுப்பில் கலெக்டர்கள், நீதிபதிகள், தேயிலை, காபித் தோட்டத் துரைகள், அவர்களுடைய துரைசானிகள், பெரிய வியாபாரிகள், சில ஜமீன்தார்கள். மூன்றாம் வகுப்பில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் ஜனங்கள், யாத்திரைக்காரர்கள், சில்லறை வியாபாரிகள். மொத்தப் பயணிகளை எண்ணினால் முதல் வகுப்புக்காரர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்றாம் வகுப்பு. ரயில் கம்பெனிகளுக்குக் காசு வந்ததும் பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான். ஆனால் ரயில் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்கிற கணக்கில் அந்த ஒருவருடைய வயிற்றுக்குத் தனி இடம் இருந்தது.

எப்படி என்று பார்ப்போம். அந்தக் காலத்துப் பெட்டிகள் ஒன்றோடொன்று இணைந்தவை அல்ல. இன்றைக்கு மாதிரி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து போக முடியாது. முதல் வகுப்பு அறை ஒரு தனித் தீவு. அகலமான மெத்தை, பக்கத்திலேயே குளியலறை, அதை ஒட்டி வேலைக்காரர்களுக்கென்று ஒரு சின்ன அறை. ஓடும் ரயிலில் யாரும் சாப்பாடு கொண்டுவர வழியில்லை. அதனால் சாப்பாட்டை ரயிலுக்குள் கொண்டுபோகாமல், ரயிலைச் சாப்பாட்டிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். குறிப்பிட்ட ஸ்டேஷன்களில் ‘ரெஃப்ரெஷ்மென்ட் ரூம்’. வெள்ளைத் துணி விரித்த மேஜை, பீங்கான், முள் கரண்டி. அந்த ஸ்டேஷன்களில் ரயில் கூடுதல் நேரம் நிற்கும். வெள்ளைக்காரப் பயணிகளுக்கான கையேடுகளில், எந்த ஸ்டேஷனில் சாப்பாட்டு அறை உண்டு என்று பெயருக்குப் பக்கத்திலேயே குறி போட்டிருப்பார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமென்றால் பயணி கார்டிடம் சொல்வார். கார்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் தந்தி கொடுக்கச் சொல்வார். ‘டின்னர் இத்தனை’ என்று செய்தி கம்பி வழியாக ரயிலை முந்திக்கொண்டு ஓடும். ரயில் போய்ச் சேரும்போது சூப் கொதித்துக்கொண்டிருக்கும். நான் அம்மாவுக்கு இட்லி சொன்னதும் இதுவேதான். தந்திக் கம்பிக்குப் பதில் செயலி, கார்டுக்குப் பதில் சர்வர். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை வடிவமைப்பு மாறவில்லை. அதன் பலவீனமும் மாறவில்லை: ரயில் வராவிட்டால் எல்லாம் வீண்.

விடியற்காலையில் ஜன்னல் வழியாகத் தட்டில் டீயும் ரொட்டியும் வாழைப்பழமும் வரும். இதற்கு ‘சோட்டா ஹாஸ்ரி’ என்று பெயர். காலிக் கோப்பையும் தட்டும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடும். பிறகு சில மெயில் ரயில்களில் உணவுப் பெட்டி சேர்த்தார்கள். அதிலும் உள்ளே நடந்து போக முடியாது. ஒரு ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்தில் நடந்து, உணவுப் பெட்டியில் ஏறிச் சாப்பிட்டு, இன்னொரு ஸ்டேஷனில் இறங்கித் திரும்ப வேண்டும். ஒரு டின்னருக்கு இரண்டு ஸ்டேஷன்.

தென்னிந்தியாவில் இந்தத் தொழிலில் பெரிய பெயர் ஸ்பென்சர். மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருந்த அதே ஸ்பென்சர்தான். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தெற்கே ரயில் சாப்பாட்டு அறைகளும் உணவுப் பெட்டிகளும் அவர்கள் கையில் இருந்தன. கல்கத்தா பக்கம் இதே மாதிரி கெல்னர் கம்பெனி. ஸ்பென்சருக்குச் சொந்தமாக சோடா தயாரிப்பு இருந்தது, திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. ஆக, தெற்கே போகும் துரை ஸ்பென்சர் சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஸ்பென்சர் சோடாவைக் குடித்து, ஸ்பென்சர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, அந்தச் சுருட்டு பிறந்த ஊர் வழியாகவே போகலாம். இப்போது ஒரே கம்பெனி டாக்ஸி, சாப்பாடு, கடன் எல்லாம் தருவதைப் பார்த்து நாம் வாயைப் பிளக்கிறோம்!

என்ன சாப்பிட்டார்கள் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. சூப், வறுத்த கோழி, ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும், கட்லெட், ஆம்லெட், கடைசியில் கஸ்டர்ட் புட்டிங். இதில் கட்லெட்டும் ரொட்டி ஆம்லெட்டும் மட்டும் முதல் வகுப்பிலிருந்து இறங்கி, இன்றுவரை எல்லா வகுப்பிலும் ‘கட்லேட் கட்லேட்’ என்று நடந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் நான் தேடத் தேட ஒரு விஷயம் உறுத்தியது. கம்பெனிப் பெயர் கிடைக்கிறது. முதலாளிகள் பெயர் கிடைக்கிறது. எந்த ஸ்டேஷனில் என்ன வசதி என்று கிடைக்கிறது. சமைத்தவர்கள் பெயர் எங்கும் கண்ணில் படவில்லை. பட்லர், பேரர், மேட்டி என்று வேலைப் பெயர்தான். மதராஸ் மாகாணத்தில் வெள்ளைக்காரர்களின் சமையலறை வேலைக்குப் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும்தான் போனார்கள். மாட்டிறைச்சி தொட வேண்டிய வேலைக்கு மற்றவர்கள் வரமாட்டார்கள். ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று நாம் கேலி செய்வது அவர்கள் தட்டுத் தடுமாறி உருவாக்கிக்கொண்ட மொழியைத்தான்.

*

இனி பிளாட்பாரத்துக்கு வருவோம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்ன சாப்பிட்டார்கள்?

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததை. எங்கள் ஆச்சி காலம்வரைகூட இதில் மாற்றமில்லை. வாழை இலையைத் தணலில் வாட்டி, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, இன்னொரு பொட்டலத்தில் புளியோதரை, ராத்திரிக்குத் தயிர்ச்சோறு. கூடவே ஒரு பித்தளைக் கூஜாவில் தண்ணீர். முதல் வகுப்பில் போகும் அளவுக்குக் காசிருந்த இந்தியர்களிலும் ஆசாரம் பார்ப்பவர்கள் ஸ்பென்சர் மேஜையில் உட்காரமாட்டார்கள். அவர்களுக்கும் கட்டுச்சோறுதான். என்ன, கூஜாவை அவர்கள் தூக்கமாட்டார்கள், அதற்கென்று ஓர் ஆள் வருவான். ‘கூஜா தூக்குகிறவன்’ என்று நாம் இன்றும் வைகிறோமே, அந்த ஆள்.

கட்டுச்சோறு தீர்ந்துபோனவர்களுக்குப் பிளாட்பாரம். தூத்துக்குடிக்கு வரும் அந்தப் பழைய பாதையை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள். மணப்பாறையில் முறுக்கு. சாத்தூரில் சேவு. கோவில்பட்டியில் கடலைமிட்டாய். தூத்துக்குடியில் இறங்கினால் மக்ரூன். மணியாச்சியில் மாறித் திருநெல்வேலிக்குப் போனால் அல்வா. ரயில் நிற்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் ஜன்னல் வழியாகக் கை மாற வேண்டும், இரண்டு நாள் கெடாமல் இருக்க வேண்டும், தட்டோ கரண்டியோ இல்லாமல் தின்ன முடிய வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு முறுக்கும் மிட்டாயும் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன! கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மணப்பாறை முறுக்குக்கு 2023இல். முதல் வகுப்பு மேஜையில் வைத்த எதற்கும் இப்படி ஓர் ஊர்ப் பெயர் ஒட்டவில்லை. இங்கேயும் சமைத்தவர்கள் பெயர் தெரியாது. ஊர்ப் பெயராவது மிஞ்சியிருக்கிறது.

காந்தி 1917இல் மூன்றாம் வகுப்புப் பயணம் பற்றி ஒரு சின்ன நூலே எழுதினார். நெரிசல், குப்பை என்பதோடு, அங்கே விற்கும் டீயைப் பற்றியும் தின்பண்டங்களைப் பற்றியும் அதில் கடுமையான புகார் உண்டு. இதே சமயத்தில்தான் தேயிலைக்காரர்களின் அமைப்பு இந்தியர்களை டீ குடிக்கப் பழக்கத் தீவிரமாக இறங்கியிருந்தது. அதற்கு அவர்கள் பிடித்த நல்ல இடம் ரயில்வே ஸ்டேஷன். முதல் வகுப்பு ஜன்னலுக்குத் தட்டில் போன டீ இப்படித்தான் மண் குவளைக்கும் கண்ணாடி கிளாஸுக்கும் இறங்கி வந்தது.

*

தூத்துக்குடியில் சாப்பாடும் வசதியும் அரசியலாகவே மாறிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. ரயிலில் இல்லை, ரயில் முடியும் இடத்தில் காத்திருந்த கப்பலில்.

தூத்துக்குடி–கொழும்பு கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்தது. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். வாங்கிய கப்பல்கள் இரண்டு: காலியா, லாவோ. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1300 பேர் போகலாம்.

இந்த எண்களைப் படித்தபோது நான் கொஞ்சம் நின்றேன். சுதேசிக் கப்பலிலும் முதல் வகுப்பு உண்டு. இருக்கத்தானே வேண்டும்? வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டி போடுகிற கப்பல், எல்லாவற்றிலும் சமமாக இருந்தாக வேண்டும். அந்த 42 இடங்களில் ஓர் இந்தியன் தலை நிமிர்ந்து உட்காரலாம் என்பதுதான் அன்றைய கனவு. வகுப்பே வேண்டாம் என்கிற கனவுக்கு இன்னும் காலம் வரவில்லை.

பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஆளுக்கு ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. கடைசியில் பிரிட்டிஷ் கம்பெனி சும்மாவே ஏற்றிக்கொள்கிறேன், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றது. கட்டணக் குறைப்பு, இலவசம், எதிரி மூச்சு முட்டும்வரை நஷ்டத்தைத் தாங்குவது என்று இன்றைய ஸ்டார்ட்அப் உலகில் நான் தினமும் பார்க்கிற விளையாட்டு. ஒரு வித்தியாசம்: இங்கே ஒரு பக்கத்துக்கு அரசாங்கமே துணை. 1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார். 1911இல் கம்பெனி கலைந்தது.

அதே 1911, ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தன் மனைவியோடு காலை 9.30க்குத் திருநெல்வேலியில் ரயில் ஏறினார். கொடைக்கானலில் இருந்த குழந்தைகளைப் பார்க்கப் போகிறார்கள். 10.38க்கு ரயில் மணியாச்சிக்கு வந்தது. தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயில் 10.48க்கு. நடுவில் பத்து நிமிடம். முதல் வகுப்புப் பெட்டியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வாஞ்சிநாதன் அந்தப் பெட்டிக்கு வந்து ஆஷைச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதில் ஆஷுக்குப் பங்கு இருந்தது என்பது அன்று பரவலாக இருந்த கோபம்.

முதல் வகுப்பு ஒரு தனித் தீவு என்று சொன்னேன். அதற்கு நடைபாதை கிடையாது, ஆனால் பிளாட்பாரத்துக்கு நேராகத் திறக்கும் கதவு உண்டு. டீத்தட்டு வந்த வழியில்தான் துப்பாக்கியும் வந்தது.

*

எங்கள் ஊருக்கு ரயில் வந்தது இதற்கெல்லாம் பிறகு, 1923இல். திருநெல்வேலியிலிருந்து பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர். நம்மாழ்வார் ஊர், அடுத்த ஸ்டேஷன் கிறிஸ்தவ நாசரேத், அதற்கப்புறம் முஸ்லிம்களின் காயல்பட்டினம், கடைசியில் முருகன். மீட்டர்கேஜ். சின்னப் பாதை. இதில் யாரும் சூப்புக்குத் தந்தி கொடுத்திருக்க மாட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறோடு ஏறி, ஆற்றையும் வாழைத் தோப்பையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருப்பார்கள்.

தாத்தா ரயில்வேயில் புக்கிங் கிளார்க். நான் சின்னப் பையனாக இருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து ஒரே கதையைப் பலமுறை சொல்வார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெரிய ஜங்ஷனின் சைவச் சாப்பாட்டு அறையில் நடுவே ஒரு தடுப்பு இருந்ததாம். ஒரு பக்கம் பிராமணர்களுக்கு, மறு பக்கம் மற்றவர்களுக்கு. அதே அடுப்பு, அதே சாம்பார். தாத்தா தெரியாமல் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். பரிமாறுகிறவர் வந்து, “பிள்ளைவாள், உங்களுக்கு அந்தாண்ட” என்றாராம். “நானும் சைவந்தானவே, எனக்கென்ன கொறச்சல்?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமலே எழுந்து வந்ததை அறுபது வருடம் கழித்தும் அதே கோபத்தோடு சொல்வார்.

இந்தத் தடுப்பு ஓர் ஊரின் வழக்கம் அல்ல. தென்னிந்திய ரயில் சாப்பாட்டு அறைகளில் பரவலாக இருந்தது. டிக்கெட் எந்த வகுப்பு என்பது பெட்டியில் எங்கே உட்கார்வது என்பதை மட்டும்தான் தீர்மானித்தது. எந்த மேஜையில் உட்கார்வது என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. எங்கள் பக்கத்துச் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்த விவகாரம் 1920களின் நடுவில் மாகாணத்தையே உலுக்கியது. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தினரும் ரயில்வே சாப்பாட்டு அறைகளைத் தொடர்ந்து கண்டித்தார்கள். மக்கள் வரியும் டிக்கெட் காசும் போகிற இடத்தில் என்ன தடுப்பு என்பது எளிய கேள்வி. 1941இல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது.

தாத்தா கதை அத்தோடு முடிந்திருந்தால் எனக்கு எழுத எளிதாக இருந்திருக்கும். ஆனால் அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்த அதே வீட்டின் பின்வாசலில், தேங்காய் பறிக்க வருகிறவருக்கென்று ஒரு தனி அலுமினிய டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். நான் ஒருநாள் அதில் தண்ணீர் எடுத்துக் குடிக்கப் போனபோது ஆச்சி ஓடிவந்து பிடுங்கினாள். தாத்தா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஜங்ஷனில் தன்னை எழுப்பிய தடுப்பு அவருக்கு அறுபது வருடமாகத் தெரிந்தது. வீட்டுப் பின்வாசலில் இருந்த தடுப்பு தெரியவே இல்லை.

கட்டுச்சோற்றைப் பற்றி எழுதும்போது எல்லோரும் வாழை இலை வாசனையையே எழுதுகிறோம். நானும் மேலே அதைத்தான் செய்தேன். ஆனால் எங்கள் வீட்டில் கட்டுச்சோறு ருசிக்காக மட்டும் இல்லை. வெளியில் யார் சமைத்ததோ என்கிற பயமும் அந்த இலைக்குள் சேர்ந்தே கட்டியிருந்தது.

*

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி.அளகேசன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1955இலிருந்து ரயில்வே துறை தானே சாப்பாடு போடுவதில் இறங்கியது. 1969இல் ராஜதானி வந்தது; சாப்பாட்டுக்கும் சேர்த்தே டிக்கெட், இருக்கைக்கே தட்டு. பெட்டிகளுக்கு நடுவே நடைபாதை வந்துவிட்டதால், ரயில் சாப்பாட்டிடம் போய் நின்ற காலம் முடிந்து, சாப்பாடு ரயிலுக்குள் நடந்தது. 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே ஒழிந்தது. 1999இல் ஐஆர்சிடிசி. அப்புறம் செயலிகள்.

2023 செப்டம்பர் 24ஆம் தேதி சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் ஓடத் தொடங்கியது. அக்டோபரில் நான் அதில் ஊருக்கு வந்தேன். தண்ணீர் பாட்டில், சிற்றுண்டி, டீத்தூள் பொட்டலம் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அலுமினியத் தாளைப் பிரித்துச் சாப்பிட்டேன். கொண்டுவந்து வைத்த பையன் முகம் எனக்கு இப்போது ஞாபகமில்லை. வேலைப் பெயர் மட்டும் சட்டையில் இருந்தது.

அதற்கு மூன்று மாதத்துக்குள்தான் ஸ்ரீவைகுண்டம்.

*

இது அம்மா சொன்னது.

முதல் ராத்திரி கையிலிருந்த பிஸ்கட்டை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். விடிந்து பார்த்தால் சுற்றிலும் தண்ணீர். ஏறக்குறைய 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதற்குள் வழி அடைந்துவிட்டதால் மீதிப் பேர் ஸ்டேஷனிலேயே. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஏசி பெட்டி, சாதாரணப் பெட்டி என்கிற வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. வயிறு மட்டும் எல்லாப் பெட்டியிலும் ஒரே நேரத்தில் பசித்தது.

பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் வந்தார்கள். அவர்கள் ஊரும் மழையில்தான் கிடந்தது. கோயிலில் வைத்துச் சமைத்துப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து சோறு போட்டார்கள். ஹெலிகாப்டர் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் போட்டது அதற்குப் பிறகு, செவ்வாய்க்கிழமை.

“வரிசையில நின்னோம் பாத்துக்க. என் முன்னால ஒருத்தர், நம்ம பெட்டிதான், நல்லா படிச்சவரு. பாத்திரத்தக் கிட்ட கொண்டுவந்ததும் மெதுவா கேக்காரு, ‘யாரு சமைச்சது?’ன்னு.”

“என்ன சொன்னாங்க?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. அந்தப் பையன் அவரு மூஞ்சியப் பாத்தான். அப்புறம் கரண்டில அள்ளி அவரு தட்டுல போட்டான். அவரும் வாங்கிட்டுப் போயிட்டாரு.”

நான் அந்த ஆளைத் திட்ட வாயெடுத்தேன். அம்மா தடுத்தாள்.

“ஏல, அவர மட்டும் சொல்லாத. எனக்கும் அதேதாம்ல மனசுல ஓடுச்சு. கேக்கல, அவ்வளவுதான். எங்கம்மா கட்டிவிட்ட பழக்கம், எங்க போவும்? பெறவு ஒரு வாய் வச்சேன். சூடு. ரெண்டு நாளைக்கப்புறம் சூடா ஒரு சோறு. ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.”

செவ்வாய்க்கிழமை மீட்டு, வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சிறப்பு ரயிலில் ஏற்றினார்கள். ஆஷ் பத்து நிமிடம் காத்திருந்த அதே ஸ்டேஷன். அம்மாவுக்கு அந்தக் கதையெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை. மறுநாள் சென்னையில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் குளித்துவிட்டுத் தூங்கிவிட்டாள்.

நான் படித்த வரலாறு முழுக்க அந்தக் கேள்விக்கு அருகிலேயே சுற்றிவருகிறது என்று பிற்பாடுதான் உறைத்தது. ஜங்ஷனில் தடுப்புக் கட்டியவர்களும் அதைத்தான் கேட்டார்கள். ஆச்சியின் கட்டுச்சோறும் அதைத்தான் கேட்டது. ஸ்பென்சர் மேஜையில் உட்கார்ந்தவர்கள் கேட்கவே இல்லை, அதனால் பெயர்கள் மிஞ்சவில்லை. வந்தே பாரத்தில் நானும் கேட்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். திருநெல்வேலியில் இறங்கி, பாசஞ்சர் பிடித்து ஆழ்வார்திருநகரி. வழியில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது. புதுக் கற்கள் போட்டிருந்தார்கள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சு மறுபடி வந்தது. அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

“ஒரு நாளு புதுக்குடிக்குப் போயிட்டு வரணும்ல. அன்னைக்கு கோயில்ல நின்னு அத்தன பேருக்கும் பொங்கிப் போட்டாங்களே, யாரு சமைச்சாங்கன்னுகூடக் கேக்காம வந்துட்டேன்.”